இருபது அவர்களுக்கு, முப்பது எங்களுக்கா?

2017 அக்டோபர் 13-ஆம் தேதி டெல்லியில் ஓர் அரசிதழ் அறிவிக்கை வெளியானது. கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் வெளியே விடுகிற தண்ணீர் எந்த அளவுக்கு அழுக்காக இருக்கலாம் என்று மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் அதில் வரையறுத்தது. மும்பை, டெல்லி, கொல்கத்தா, சென்னை, பெங்களூரு, ஐதராபாத், அகமதாபாத், புனே ஆகிய எட்டுப் பெருநகரங்களும், பெரும்பாலான மாநிலத் தலைநகரங்களும் விடும் தண்ணீரில் பி.ஓ.டி. என்ற அழுக்கு அளவு லிட்டருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. மற்ற ஊர்களில் 30 வரை போகலாம். கரையாத திடப்பொருள் பெருநகரத்துக்கு 50, மற்ற ஊர்களுக்கு 100. அந்த மற்ற ஊர்கள் நாங்கள்தான். ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், மாம்பாக்கம், வல்லம், ஒரகடம், படப்பை. நாடு ஓட்டும் காரையும் கையில் வைத்திருக்கும் கைப்பேசியையும் செய்து அனுப்புகிற ஊர்கள்.

யாரைக் கேட்டு இந்தச் சலுகையைக் கொடுத்தீர்கள்? யாருக்குக் கொடுத்தீர்கள்? கேட்டால், சின்ன ஊர்களின் சுமையைக் குறைக்கத்தான் என்கிறார்கள். சுமை குறைந்தது நிலையம் கட்டுகிற ஒப்பந்தக்காரருக்கு, நடத்துகிற அலுவலகத்துக்கு. கூடுதலாக விடச் சொன்ன அந்த அழுக்கு எங்கள் வாய்க்காலில், எங்கள் கிணற்றில், எங்கள் பிள்ளைகளின் கால் தோலில் வந்து நிற்கிறது. எங்கள் பேரில் எழுதிய சலுகை, எங்கள் தலையில் விடிந்த தண்டனை.

இந்த விதியை எழுதியவர்கள் ஒரு வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்திருந்தால் போதும். சென்னைக்கு மேற்கே, மேட்டில் இருக்கிறோம் நாங்கள். ஸ்ரீபெரும்புதூர் ஏரி நிரம்பினால் தண்ணீர் கீழே இறங்கி, பிள்ளைப்பாக்கம் போன்ற ஏரிகளைத் தொட்டுக்கொண்டு செம்பரம்பாக்கத்துக்குப் போகிறது. ஒரகடம் பக்கத்துத் தண்ணீர் ஒரத்தூர், படப்பை, மணிமங்கலம் வழியாக அடையாற்றில் சேர்கிறது. வடக்கே இறங்கினால் கூவம். எந்தப் பக்கம் ஓடினாலும் அது சென்னைக்குத்தான் போகிறது. செம்பரம்பாக்கம் 24 அடி ஆழம், 3,645 மில்லியன் கனஅடி கொள்ளளவு உள்ள ஏரி. அதன் கரையில் நாளொன்றுக்கு 53 கோடி லிட்டர் சுத்திகரிக்கிற குடிநீர் நிலையம் இருக்கிறது. சென்னையில் லட்சக்கணக்கான வீடுகளில் குழாயைத் திறந்தால் கொட்டுவது எங்கள் மேட்டிலிருந்து இறங்கிப் போன தண்ணீர்தான். அப்படியிருக்க, கடலோரம் இருக்கிற சென்னை விடும் கழிவுக்கு 20. அந்தச் சென்னை குடிக்கிற ஏரிக்கு மேலே உட்கார்ந்திருக்கும் எங்களுக்கு 30. தண்ணீர் எங்கே போய்ச் சேரும் என்று பார்க்காமல், அது புறப்படுகிற ஊரின் பெயரையும் அந்தஸ்தையும் பார்த்து எழுதிய விதி இது.

எங்களுக்கு மட்டும் நடந்ததும் இல்லை. மாநிலத் தலைநகரங்களுக்கு 20 என்று சொன்ன அதே அறிவிக்கை, உத்தராகண்ட், இமாச்சலப் பிரதேசம், ஜம்மு காஷ்மீர், சிக்கிம், அசாம், அருணாசலப் பிரதேசம் முதலான மாநிலங்களின் தலைநகரங்களுக்கு விலக்குக் கொடுத்து 30-இல் விட்டுவிட்டது. கங்கை இறங்கிவரும் மாநிலம் உத்தராகண்ட். ஆறு பிறக்கிற இடத்தில் தளர்வு, ஆறு முடிகிற இடத்தில் கண்டிப்பு. மேலே அழுக்கை விட அனுமதித்துவிட்டு, கீழே பல்லாயிரம் கோடியில் ஆற்றைச் சுத்தம் செய்யத் திட்டம் போடுகிறார்கள்.

30 என்றால் என்ன என்று எங்கள் ஊரில் கேட்பவர்களுக்கு நான் இப்படித்தான் சொல்வேன். தண்ணீரில் கிடக்கிற மலத்தையும் சோற்றுக் கழிவையும் நுண்ணுயிர்கள் தின்று தீர்க்க எவ்வளவு பிராணவாயு வேண்டுமோ, அந்தக் கணக்குதான் பி.ஓ.டி. வீட்டுச் சாக்கடை சுத்திகரிக்காமல் வந்தால் 200, 250 இருக்கும். மனிதன் இறங்கிக் குளிக்கிற ஆற்றில் 3-க்கு மேல் இருக்கக் கூடாது என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அளவு. சுத்திகரித்துக் குடிநீராக்குவதற்கு எடுக்கிற நீர்நிலையிலும் 3-தான். அப்படியானால் 30 உள்ள ஒரு லிட்டர் தண்ணீர் 3-க்கு இறங்க வேண்டுமென்றால், ஏறக்குறைய ஒன்பது, பத்து லிட்டர் நல்ல தண்ணீர் அதோடு கலக்க வேண்டும். வருடம் முழுக்கத் தண்ணீர் ஓடும் ஆற்றின் கரையில் உட்கார்ந்து போட்ட கணக்கு இது. எங்கள் வரத்துக்கால்வாயில் ஐப்பசி, கார்த்திகையில்தான் தண்ணீர் ஓடும். தை பிறந்தால் வறண்டு போகும். சித்திரையில் அந்தக் கால்வாயில் ஏதாவது ஓடுகிறது என்றால் அது நூற்றுக்கு நூறு சாக்கடை. அதில் கலக்க நல்ல தண்ணீருக்கு நாங்கள் எங்கே போவது?

சரி, 30-ஐயாவது பிடிக்கிறார்களா என்று பார்ப்போம். மத்திய வாரியம் 2021-இல் வெளியிட்ட கணக்குப்படி, இந்தியாவின் நகரங்களில் ஒரு நாளைக்குப் பிறக்கும் கழிவுநீர் 7,236 கோடி லிட்டர். உண்மையில் சுத்திகரிக்கப்படுவது 2,023 கோடி லிட்டர். மிச்சமெல்லாம் அப்படியே ஓடுகிறது. தமிழ்நாட்டில் 642 கோடி லிட்டர் பிறக்கிறது, நிலையங்களின் மொத்தக் கொள்திறனே 149 கோடி லிட்டர். நாலில் மூன்று பங்குக்கு மேல் நிலையமே இல்லாத ஒரு மாநிலத்தில், இருக்கிற நிலையத்துக்கும் தளர்வு. 2022-இல் அதே வாரியம் கூவத்தில் ஆவடி முதல் சத்யா நகர் வரை உள்ள பகுதியை அளந்து, பி.ஓ.டி. 345 என்று எழுதியது. நாட்டில் எந்த ஆற்றுப் பகுதியிலும் அவ்வளவு இல்லை.

ஆனால் என் மனத்தை அதிகமாக அறுப்பது, அவர்கள் அழித்த எண்கள். 2015 நவம்பரில் முதலில் வந்த வரைவில் எல்லா ஊருக்கும் ஒரே அளவுதான் இருந்தது. பி.ஓ.டி. 10. திடப்பொருள் 20. அம்மோனியா 5, மொத்த நைட்ரஜன் 10. மலக் கிருமி 100 மில்லிலிட்டருக்கு 100-க்குள். இரண்டே ஆண்டுகளில் இறுதி அறிவிக்கை வந்தபோது பி.ஓ.டி. இரட்டிப்பும் மும்மடங்குமாக ஏறியது, கிருமி அளவு 1,000 ஆனது, நைட்ரஜனும் அம்மோனியாவும் பட்டியலிலிருந்தே காணாமல் போயின. அளக்க வேண்டியவை நாலே நாலு. மற்றவற்றை யாரும் கேட்க முடியாது.

நைட்ரஜனை நீக்கினால் என்ன ஆகும் என்பதை ஆய்வுக்கூடத்தில் பார்க்க வேண்டியதில்லை. எங்கள் நிலத்துக்கு வந்தால் போதும். மதகடியில் எங்களுக்கு முக்கால் ஏக்கர் மிஞ்சியிருக்கிறது. மற்றது தொழிற்பேட்டைக்குப் போனது. ஏரித் தண்ணீரில் சாக்கடை கலக்க ஆரம்பித்த பிறகு ஒரு சம்பாவுக்கு அப்பா யூரியாவே போடவில்லை. பயிர் கரும்பச்சையாக, முழங்காலுக்கு மேல், பார்க்கிறவர்கள் கண் வைக்கிற மாதிரி வளர்ந்தது. சாலையில் போனவர்கள் நின்று கேட்டார்கள், என்ன உரம் என்று. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. கதிர் பிடிக்கும் நேரத்தில் தண்டு தாங்காமல் மொத்தமாகச் சாய்ந்தது. அறுத்துத் தூற்றினால் பாதிக்குப் பாதி பதர். சாணத்துக்கும் உரத்துக்கும் வித்தியாசம் தெரிந்து ஐம்பது வருடம் பயிர் வைத்த மனிதர், களத்தில் பதரை அள்ளி அள்ளி முகர்ந்து பார்த்துக்கொண்டு நின்றார்.

நடவுக்கு வரும் பெண்கள் அடுத்த பட்டத்தில் வரவில்லை. கூலியைக் கூட்டித் தருகிறேன் என்று போய்க் கேட்டேன். அவர்களில் மூத்தவர் புடவையைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். கணுக்காலிலிருந்து மேலே தோல் உரிந்து, சொறிந்து சொறிந்து கறுத்துப் போயிருந்தது. "காசு என்னத்துக்கு கண்ணு? அந்தத் தண்ணியில எறங்கினா ராத்திரி பூரா தூக்கம் இல்ல. நீயே எறங்கிப் பாரு." இறங்கினேன். அவர் சொன்னது உண்மை.

இந்த நைட்ரஜன்தான் கிணற்றுக்கும் இறங்குகிறது. குடிநீரில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்தியத் தரம். காய்ச்சினால் அது போகாது. கைக்குழந்தைக்குப் புட்டிப்பாலில் அந்தத் தண்ணீரைக் கலந்தால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாய்கிற நோய் வரும். எங்கள் போர் தண்ணீரில் இப்போது பாத்திரம்தான் கழுவுகிறோம். குடிக்க கேன் வாங்குகிறோம். ஏரிக்கரையில் பிறந்து வளர்ந்தவள், கேன் போடுகிற பையனுக்காக வாசலில் காத்து நிற்கிறேன்.

ஆகாயத்தாமரையும் இதே நைட்ரஜனையும் பாஸ்பரஸையும் தின்றுதான் ஏரியை மூடுகிறது. ஆண்டுக்கு ஒரு முறை பொக்லைன் விட்டு அள்ளுகிறார்கள். அள்ளிக் கரையில் போடுகிறார்கள். மழை வந்தால் திரும்பவும் ஏரிக்குள் இறங்கிவிடுகிறது. அதற்கு ஊட்டம் கொடுப்பது எது என்று அளக்கச் சொன்னால், பட்டியலில் இல்லை என்கிறார்கள். குத்தகைக்கு எடுத்து மீன் பிடிப்பவர்கள் விரால் கிடைக்கிற காலம் போய்விட்டது என்று சொல்லிக் குத்தகையையே விட்டுவிட்டார்கள்.

செலவுக்கு எங்கே போவது, சின்ன ஊர் தாங்குமா என்பதுதான் தளர்வுக்குச் சொல்லும் காரணம். இதைக் கேட்கும்போதுதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. கோயம்பேட்டில் சென்னைக் குடிநீர் வாரியத்தின் ஒரு நிலையம் 2019-இலிருந்து ஓடுகிறது. சென்னை மக்களின் கழிவுநீரை மூன்று கட்டமாகச் சுத்திகரித்து, கடைசியில் ஆர்.ஓ. சவ்வு வழியாகவும் தள்ளி, நாளொன்றுக்கு 4.5 கோடி லிட்டர் தண்ணீரைக் கண்ணாடி மாதிரி ஆக்குகிறது. அந்தத் தண்ணீர் சுமார் 60 கிலோமீட்டர் குழாயில் பயணம் செய்து எங்கே வருகிறது தெரியுமா? எங்கள் ஊருக்குத்தான். இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் தொழிற்பேட்டைகளுக்கு. இயந்திரத்தைக் குளிர்விக்க, உதிரிபாகம் கழுவ.

அந்தத் திட்டத்தை நான் குறை சொல்லவில்லை. குடிநீரை ஆலைக்குக் கொடுக்காமல் கழிவுநீரைக் கொடுப்பது நல்ல காரியம், பாராட்டுகிறேன். ஆனால் அந்தக் குழாய் எங்கள் வாய்க்காலைக் குறுக்கே கடந்துதான் ஆலைக்குள் போகிறது. குழாய்க்குள்ளே, சென்னையின் மலநீர் ஆர்.ஓ. தண்ணீராக இயந்திரத்துக்குப் போகிறது. குழாய்க்குக் கீழே, எங்கள் மலநீர் அப்படியே சென்னையின் குடிநீர் ஏரிக்குப் போகிறது. இயந்திரத்துக்குத் துரு பிடிக்கக் கூடாது என்று இவ்வளவு பக்குவம் பார்க்கத் தெரிந்த நாட்டுக்கு, தொழில்நுட்பம் இல்லை, பணம் இல்லை என்று எங்களிடம் சொல்ல எப்படி மனம் வருகிறது? இருபதும் முப்பதும் அந்த இயந்திரத்துக்கு ஆகாது. மனிதனுக்கு ஆகுமா?

சின்ன ஊர் என்ற பேச்சையும் எடுத்துக்கொள்வோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஸ்ரீபெரும்புதூர் பேரூராட்சியில் ஏறத்தாழ 25,000 பேர். அதற்குப் பிறகு 2021-இல் எடுக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனது. அந்தப் பழைய எண்ணை வைத்துக்கொண்டுதான் எங்களை இன்னும் சின்ன ஊர் என்கிறார்கள். 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் தொழிலாளர்களுக்கு ஒரு குடியிருப்பு வளாகத்தை முதலமைச்சர் திறந்து வைத்தார். 18,720 பேர் தங்கலாம். ஒரே வளாகத்தில், ஒரு பேரூராட்சியின் முக்கால் பங்கு மக்கள். ஆளுக்கு 135 லிட்டர் தண்ணீர் கொடுத்து அதில் எண்பது சதவீதம் கழிவாகிறது என்ற அரசாங்கக் கணக்கையே வைத்துப் பார்த்தாலும், அத்தனை பேரும் தங்கினால் நாளுக்கு இருபது லட்சம் லிட்டர். இது திட்டம் போட்டுக் கட்டியது, அரசின் கண் முன்னே நிற்பது. கண்ணில் படாதவை எத்தனை! வீட்டு மாடியில் தகரம் போட்டு, ஒரு அறைக்குப் பத்துப் பேர் என்று ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த பையன்களை அடைத்து வைத்திருக்கிற வீடுகள் எங்கள் தெருவிலேயே இருக்கின்றன. ஐந்து பேருக்குத் தோண்டிய உறைக்கிணற்றுத் தொட்டியில் நாற்பது பேர் கழிவு. அந்தப் பையன்கள் எந்தக் கணக்கெடுப்பிலும் எங்கள் ஊர்க்காரர்கள் இல்லை. அவர்களின் மலம் மட்டும் எங்கள் ஊரில் இருக்கிறது.

அந்தத் தொட்டிகள் வாரம் ஒரு முறை நிரம்புகின்றன. லாரி வருகிறது. கொஞ்சம் மறைவான இடம் என்றால் எங்கள் ஏரியின் வரத்துக்கால்வாய்தான். இரவு பதினொன்றுக்கு மேல் விளக்கை அணைத்துவிட்டுப் பின்பக்கமாக வந்து குழாயை இறக்குவார்கள். ஒரு நாள் நான் டார்ச் அடித்து மறித்தேன். ஓட்டுநர் என்னைவிட இளையவர். "நான் என்ன பண்றதுக்கா? கழிவுநீர் ஸ்டேஷனுக்குக் கொண்டு போனா அங்க ஏற்கெனவே பத்து வண்டி நிக்குது. ஒரு லோடுக்கு டீசலே எவ்ளோ ஆகுது தெரியுமா? ஓனர் நாலு லோடு அடிக்கச் சொல்றாரு." அவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. கொட்டிவிட்டுத்தான் போனார். மறுநாள் உள்ளூர் அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் மனுவைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "உங்க ஊரு சின்ன ஊரும்மா, இங்கல்லாம் ஸ்டாண்டர்டு கொஞ்சம் லூஸாத்தான் இருக்கும்" என்றார். அவர் அயோக்கியர் இல்லை. அரசிதழில் இருப்பதைத்தான் தன் மொழியில் சொன்னார். லாரி கொட்டியது சுத்திகரிக்காத மலம், அதற்கு எந்த அளவும் கிடையாது, அது குற்றம். ஆனால் மேலே ஒரு தாளில் தளர்த்தி எழுதினால், கீழே உள்ள மனிதர் எல்லாவற்றையும் தளர்த்திக்கொள்கிறார்.

அந்தத் தொட்டிகளில் உயிர்களும் போயிருக்கின்றன. 2022 அக்டோபரில் ஸ்ரீபெரும்புதூரில் ஒரு தனியார் விடுதியின் கழிவுநீர்த் தொட்டியில் இறங்கிய மூன்று பேர் விஷவாயுவில் இறந்தார்கள். மனிதரை இறக்கக் கூடாது என்று 2013-இலேயே சட்டம் வந்துவிட்டது. பாதாளச் சாக்கடை முழுதாக இருந்து, நிலையம் ஒழுங்காக ஓடினால், மனிதனை இறக்க வேண்டிய தொட்டியே எதற்கு? சின்ன ஊருக்கு இவ்வளவு போதும் என்று விட்ட இடத்தில்தான் இந்தச் சாவுகள் நடக்கின்றன. இறந்தவர்கள் எந்தச் சாதி என்று கேட்க வேண்டிய தேவைகூட எங்கள் ஊரில் யாருக்கும் வருவதில்லை. கேட்காமலே தெரியும்.

2017, உடையவர் ராமானுஜர் பிறந்து ஆயிரமாவது ஆண்டு. ஸ்ரீபெரும்புதூர் அவர் பிறந்த ஊர். சித்திரையில் திருவிழாக் கூட்டத்தில் தெருவில் நிற்க இடமில்லை. தகுதி பார்த்துச் சிலருக்கு மட்டும் சொல்ல வேண்டியதைக் கோபுரத்தில் ஏறி ஊருக்கே சொன்னவர் என்று அவரைப் பற்றிப் பேசாத மேடை இல்லை. அதே ஆண்டு ஐப்பசி பிறப்பதற்குள், அவர் ஊரில் இருப்பவனின் தண்ணீருக்கு ஒரு தகுதி, தலைநகரில் இருப்பவனின் தண்ணீருக்கு வேறு தகுதி என்று எழுதியாயிற்று. அதுவும் இந்தியிலும் ஆங்கிலத்திலும். ஆட்சேபம் இருந்தால் சொல்லுங்கள் என்று வரைவில் நாள் குறித்தார்களே, மதகடியில் நிற்கிற என் அப்பா அதை எந்த மொழியில் படித்து ஆட்சேபிப்பார்?

நாங்கள் சொல்வதைச் சட்டம் அறிந்தவர்களும் சொல்லாமல் இல்லை. 2019 ஏப்ரல் 30-இல் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் இந்த அறிவிக்கையை எடுத்து விசாரித்து, பெருநகரம் சிற்றூர் என்று பிரிக்க நியாயம் இல்லை என்ற முடிவுக்கு வந்தது. அது அமைத்த நிபுணர் குழுகூடப் பெருநகரத்துக்குக் கடுமை, சின்ன ஊருக்குத் தளர்வு என்றுதான் பரிந்துரைத்தது. தீர்ப்பாயம் அதை ஏற்கவில்லை. பி.ஓ.டி. 10, நைட்ரஜன் 10, ஏரி, குளங்களில் விட்டால் பாஸ்பரஸ் 1, எல்லா ஊருக்கும், புதிய நிலையத்துக்கும் பழையதுக்கும் என்றது. படித்தபோது எங்கள் தெருவிலேயே யாரோ பேசுவது மாதிரி இருந்தது. ஆனால் இன்று வரை எங்கள் கால்வாயில் ஓடுவதன் நிறம் மாறவில்லை. 2017 அறிவிக்கையே பழைய நிலையங்களுக்கு ஐந்து ஆண்டு அவகாசம் கொடுத்திருந்தது. அந்த ஐந்து ஆண்டும் 2022-இல் முடிந்துபோனது.

பணம் இல்லை என்ற சாக்குக்கு 1980-இலேயே உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது. மத்தியப் பிரதேசத்தில் ரத்லாம் என்ற ஊர். அதுவும் பெருநகரம் இல்லை. திறந்த சாக்கடையும் தெருவில் மலமும் தாங்காமல் மக்கள் வழக்குப் போட்டார்கள். நிதி இல்லை என்று நகராட்சி மேல்முறையீட்டுக்குப் போனது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அதை ஏற்க மறுத்தார். மக்களின் ஆரோக்கியத்தைக் காக்கும் கடமையிலிருந்து நிதி நெருக்கடியைக் காட்டித் தப்ப முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். நான் பிறப்பதற்கு முன்னால் வந்த தீர்ப்பு. இன்னும் அதே சாக்கு.

வெளிநாட்டிலும் 25, 30 என்றுதானே இருக்கிறது என்று ஒரு பொறியாளர் என்னிடம் வாதாடினார். உண்மைதான், ஐரோப்பிய ஒன்றியத்தின் 1991-ஆம் ஆண்டுச் சட்டத்தில் பி.ஓ.டி. 25. ஆனால் அதே சட்டத்தில், தண்ணீர் போய்ச் சேரும் ஏரியோ ஆறோ பாசி பிடித்துக் கெடக்கூடியது என்றால், அங்கே நைட்ரஜனுக்கும் பாஸ்பரஸுக்கும் தனி வரம்பு உண்டு. சேரும் இடத்தைப் பார்த்து அளவு கூடுகிறது. 2,000 பேருக்கு ஈடான கழிவு வரும் ஊர்கள் வரைக்கும்தான் இருந்த கடமையை 2024-இல் திருத்தி 1,000 பேர் ஊர் வரைக்கும் கீழே கொண்டுவந்தார்கள். அங்கே சின்ன ஊரைச் சட்டத்துக்குள் இழுக்கிறார்கள். இங்கே சின்ன ஊர் என்று சொல்லி வெளியே தள்ளுகிறார்கள்.

இங்கே 2024-இல் நடந்தது வேறு. 1974-ஆம் ஆண்டு நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தைத் திருத்தி, பல குற்றங்களுக்கு இருந்த சிறைத் தண்டனையை எடுத்துவிட்டு, 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் என்று ஆக்கினார்கள். முதலில் இமாச்சலம், ராஜஸ்தான், ஒன்றியப் பிரதேசங்களுக்கு. தொழில் நடத்துவதை எளிதாக்க என்று காரணம் சொன்னார்கள். தமிழ்நாடு இந்தப் பாதையில் போகக் கூடாது. கட்டிவிட்டு மறுபடி கொட்டலாம் என்றால் அபராதம் ஒரு வாடகைதான்.

முடியாத காரியத்தையா கேட்கிறோம்? எங்களுக்குத் தெற்கே, மதுராந்தகத்துக்குப் பக்கத்தில் கருங்குழி என்று ஒரு பேரூராட்சி. ஸ்ரீபெரும்புதூரைவிடச் சின்னது. தமிழ்நாட்டில் கழிவுத்தொட்டிக் கசடைச் சுத்திகரிக்கும் முதல் நிலையம் 2017-இல் அங்கேதான் வந்தது. லாரிகள் கால்வாயைத் தேடாமல் அங்கே போய்க் கொட்டின. காரும் கைப்பேசியும் செய்யாத ஊர் அது. அங்கே முடிந்தது, உலகம் முழுக்க ஏற்றுமதி செய்கிற எங்கள் பகுதியில் முடியாதாம்.

எங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். கழிவுக்கு அளவு குறிக்கும்போது ஊரின் தலைக்கணக்கைப் பார்க்காதீர்கள், தண்ணீர் போய் விழும் இடத்தைப் பாருங்கள். செம்பரம்பாக்கத்துக்கும் அடையாற்றுக்கும் வடியும் ஒவ்வொரு ஊருக்கும், அது கிராம ஊராட்சியாக இருந்தாலும், பி.ஓ.டி. 10 என்று எழுதுங்கள். அழித்த அம்மோனியாவையும் நைட்ரஜனையும் பட்டியலில் திரும்பச் சேருங்கள். விடுதி கட்ட அனுமதி கொடுக்கும்போதே எத்தனை பேர் தங்குவார்கள், கழிவு எங்கே போகும் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். லாரிக்கு எந்த நிலையம் பக்கம் என்று காட்டுங்கள், அங்கே வரிசையில் நிற்காமல் இறக்க வசதி செய்யுங்கள், பிறகு கால்வாயில் இறக்குகிறவரைப் பிடியுங்கள். ஓட்டுநரை விட்டுவிட்டு முதலாளியைப் பிடியுங்கள். நிலையம் இருக்கிற ஊரில் அன்றன்றைக்கு என்ன அளவு வந்தது என்று வாசலில் தமிழில் எழுதிப் போடுங்கள்.

மாதிரி எடுக்க வருகிறவர்கள் மழைக்காலத்தில் வராதீர்கள். எல்லாக் கால்வாயும் அப்போது நல்லபடிதான் இருக்கும். பங்குனி, சித்திரையில் வாருங்கள். வரும்போது எங்களையும் கூப்பிடுங்கள். எந்த மதகடியில் நுரை கட்டுகிறது, எந்த முட்டுச்சந்து வழியாக லாரி திரும்புகிறது, எந்த வீட்டுக் குழாய் நேராகக் கால்வாயில் இறங்குகிறது என்று கூடவே நடந்து காட்டுகிறோம்.